குடிமகன் என்னும் சொல்: சீர்திருத்தக் காலம் மலாயாத் தமிழரிடையே செய்த மாற்றம்

முன்னுரை

'சீர்திருத்தம்' என்பது சீர், திருத்தம் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. திருத்தம் என்றவுடன் இன்று நமக்கு முதலில் தோன்றுவது பிழை நீக்குதல் என்னும் பொருளே. ஆசிரியர் மாணவரின் கட்டுரையைத் திருத்துகிறார். அச்சுக்குப் போகும் படியைத் திருத்துகிறோம். ஆனால் இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. புதர் மண்டிய நிலத்தைக் கொத்திச் சமப்படுத்திப் பயிரிடத் தக்கதாக ஆக்குவதையும் திருத்துதல் என்றே தமிழர் வழங்கினர். மலாயாவின் காடுகளைத் திருத்தி இரப்பர்த் தோட்டங்களாக ஆக்கியவர்களின் வழியில் வந்த சமூகத்திற்கு அப்பொருள் அந்நியமானதன்று. சமூகச் சீர்திருத்தம் இவ்விரு பொருளையும் உடையது. பிழையை நீக்குவது அதன் ஒரு பாதி. சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்த இடத்தைப் பலரும் வந்து நிற்கத் தக்கதாக ஆக்குவது மறுபாதி.

சீர்திருத்தக் காலங்களின் வரலாற்றைத் தலைவர்களையும் மாநாடுகளையும் சட்டங்களையும் கொண்டு எழுதுவதே பெருவழக்கு. அவை இன்றியமையாதவை. எனினும், மாநாட்டில் நிறைவேறிய ஒரு தீர்மானம் மக்களின் அன்றாட வாழ்வில் இறங்கியதா இல்லையா என்பதை அறிய வேறொரு சான்று நமக்கு உண்டு. மக்கள் ஒருவரை ஒருவர் எவ்வாறு விளித்தனர், தம் பெயரை எவ்வாறு எழுதினர், சங்கக் கூட்டத்தின் அறிக்கையிலும் திருமண அழைப்பிதழிலும் எச்சொற்களை வழங்கினர் என்பனவே அச்சான்று. மொழியியலாளர் வரலாற்றுக்குத் தரக்கூடிய சிறு பங்கும் இதுவே. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய 1916 ஆம் ஆண்டு முதல், கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடிய 1966 ஆம் ஆண்டு வரையிலான ஐம்பது ஆண்டுகளை இந்நோக்கில் காண்போம்.

வழக்கு வகுத்த உயர்வு தாழ்வு

ஒருவரைப் பன்மையால் குறிப்பது தமிழில் மரியாதையின் அடையாளம். 'அவன் வந்தான்' என்னாது 'அவர் வந்தார்' என்கிறோம். இவ்வழக்கு மிகப் பழையது. தொல்காப்பியர் காலத்திலேயே அது இருந்தது. ஆனால் அவர் அதனை எவ்வாறு மதிப்பிட்டார் என்பது சிந்திக்கத் தக்கது. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் உயர்த்திக் கூறும் முறையே அன்றி, இலக்கணத்தின் நெறிப்பட்ட சொல்லாட்சி அன்று என்பது கிளவியாக்கத்தில் அவர் கூறும் கருத்து. அதாவது, உயர்வும் தாழ்வும் மொழியின் இயல்பில் பிறந்தவை அல்ல. அவை மக்கள் வழக்கில் பிறந்தவை. வழக்கு செய்ததை வழக்கே மாற்றவும் கூடும்.

'நீர்' என்பது முதலில் முன்னிலைப் பன்மை. பின்னர் ஒருவரை மதித்துக் கூறும் சொல்லாயிற்று. அம்மதிப்பும் தேய்ந்தபோது, 'நீங்கள்' என்னும் இரட்டைப் பன்மை அவ்விடத்தைப் பிடித்தது. 'அவர்' என்பது போதாமல் 'அவர்கள்' வந்ததும் அவ்வாறே. மரியாதைச் சொற்கள் புழக்கத்தில் தேய்வதும், மேலும் ஒரு விகுதி வேண்டப்படுவதும் உலக மொழிகள் பலவற்றிலும் காணப்படும் நிகழ்ச்சி.

இடர் அதில் இல்லை. யாருக்கு எந்தச் சொல் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது என்பதே இடர். ஊரின் நிலவுடைமையாளர் வீட்டு இளைஞன் எழுபது வயது உழவுத் தொழிலாளியை 'நீ' என விளிப்பான். முதியவரோ அவ்விளைஞனை உயர்வுச் சொல்லாலன்றி விளித்தல் இயலாது. வயதுக்குத் தமிழ் தரும் மதிப்பைச் சாதி விழுங்கிவிட்டது. எழுத்திலும் இதுவே நிலை. உயர்ந்தோருக்கு எழுதும் மடலில் பெயருக்கு முன்னர் 'மகாராஜராஜஸ்ரீ' என்பதன் சுருக்கமாக 'ம.ரா.ரா.ஸ்ரீ' இடம்பெறும். பெயருக்குப் பின்னர் சாதிப் பட்டம் வரும். பட்டம் இல்லாத பெயர் எவ்வித முன்னொட்டும் இன்றி நிற்கும்.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளர் இவ்வழக்கையும் உடன்கொண்டு வந்தனர். தோட்டம் அதன்மேல் மேலும் ஓர் அடுக்கை ஏற்றியது. மேலாளர் 'துரை', எழுத்தர் 'கிராணி', ஆள் சேர்த்து அழைத்து வந்து வேலை வாங்குபவர் 'கங்காணி'. விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்ற பால்வெட்டுத் தொழிலாளிக்கு மட்டும் மதிப்புச் சொல் ஒன்றும் இல்லை.

இரண்டு ஓடைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் எழுந்த புதிய எண்ணங்களை இரண்டு ஓடைகளாகக் காணலாம். ஒன்று சமத்துவ ஓடை. மற்றொன்று மொழித்தூய்மை ஓடை. இவ்விரண்டும் ஒன்றே என இன்று பலரும் கருதுகின்றனர். தொடக்கத்தில் அவை வெவ்வேறானவை.

1835 இல் இந்தியாவில் அச்சகக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் தமிழர் தாமே நூல்களையும் இதழ்களையும் அச்சிடலாயினர். கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழ் வடமொழியின் கிளையன்று என்பதை விரிவாக நிறுவியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1816 இல், எல்லிஸ் அக்கருத்தை முன்வைத்திருந்தார். சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாத ஐயரும் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தனர். 1887 இல் கலித்தொகையும் சீவகசிந்தாமணியும் வெளிவந்தன. 1892 இல் சிலப்பதிகாரம், 1894 இல் புறநானூறு எனத் தொடர்ந்தது அப்பணி. வடசொல் மிகுந்த தம் கால நடையே தமிழின் இயல்பு என எண்ணியிருந்த கற்றோருக்கு, அந்நூல்களின் மொழி ஒரு புதிய அளவுகோலைத் தந்தது.

மொழித்தூய்மை ஓடை இங்கிருந்து பெருகியது. சூரியநாராயண சாஸ்திரியார் தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கிக்கொண்டார். சுவாமி வேதாசலம் என்ற பெயருடையவர் மறைமலையடிகள் ஆனார். அவரது 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆயிற்று. 'சமரச சன்மார்க்க நிலையம்' 'பொதுநிலைக் கழகம்' ஆயிற்று. அடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைத் தொகுத்தளித்தார்.

சமத்துவ ஓடையோ முதலில் வடசொல் ஆடையிலேயே நடந்தது. இராமலிங்க அடிகள் 1865 இல் நிறுவிய சங்கத்தின் பெயரிலும், 1867 இல் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச் சாலையின் பெயரிலும் வடசொற்களே மிகுதி. பசித்தவர் எவராயினும் சாதி கேளாது உணவளிப்பது என்ற அவரது எண்ணமோ அக்காலத் தமிழ்ச் சமூகத்தின் அடித்தளத்தையே அசைப்பது. 1907 இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழ் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் பெயருடன் வெளிவந்தது. விலை பெயரிலேயே இருந்தது. எளியவரும் வாங்கக்கூடியது என்னும் அறிவிப்பும், ஒடுக்கப்பட்டோரே தமிழர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் உரிமையும் அச்சிறு தொடரில் அடங்கியிருந்தன.

ஆகவே, தூய சொல் தானாகவே சமத்துவத்தைத் தந்துவிடாது. சமத்துவ எண்ணம் பிறப்பதற்குத் தூய சொல் முன்நிபந்தனையும் அன்று. இவ்விரண்டும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட காரணங்களால் ஒன்றுகூடின.

ஓடைகள் கூடிய இடம்

அக்கூடலுக்குப் பெருங்காரணமானது சுயமரியாதை இயக்கம். பெரியார் ஈ.வெ. இராமசாமி 1925 ஆம் ஆண்டு மே மாதம் 'குடி அரசு' வார இதழைத் தொடங்கினார். மறைமலையடிகள் ஆழ்ந்த சைவர். பெரியார் கடவுள் மறுப்பாளர். இருவரின் நெறிகளும் மோதின. ஆயினும் சொல்லளவில் அவர்கள் ஒருவரை ஒருவர் நெருங்கினர். வடமொழிச் சடங்கும் வடசொல் மிகுந்த மேடைப் பேச்சும் பெரும்பாலான மக்களை வாயடைத்து நிற்கச் செய்கின்றன என்பதைப் பெரியார் கண்டார். அவருக்குத் தூய்மை நோக்கமன்று. அது ஒரு கருவி.

'சுயமரியாதை' என்னும் சொல்லே இதற்குச் சான்று. அதன் இரு பகுதிகளும் வடமொழியிலிருந்து வந்தவை. இயக்கம் அதுபற்றிக் கவலை கொள்ளவில்லை. 'தன்மானம்' என்னும் சொல் பின்னரே பரவியது. முதலில் எண்ணம் வந்தது. அதற்கேற்ற சொல் பின்னர் வந்தது.

1927 ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் தம் பெயரின் பின்னிருந்த சாதிப் பட்டத்தை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் தீர்மானித்தது. 1932 இன் இறுதியில் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பிய பெரியார், பெயருக்கு முன்னர் 'ஸ்ரீ' முதலியவற்றை விடுத்துத் 'தோழர்' என்றே அனைவரையும் அழைக்க வேண்டினார். அச்சொல் உயர்ந்தோருக்கு ஒன்று, தாழ்ந்தோருக்கு ஒன்று எனப் பிரிவதில்லை. அதன் ஆற்றல் அங்கேதான் இருந்தது. 1935 முதல் 'குடி அரசு' எழுத்துச் சீர்திருத்தத்தையும் கைக்கொண்டது. ணா, றா, னா முதலிய வடிவங்களை ஏனைய எழுத்துகளின் ஒழுங்குக்குள் கொணர்ந்த அம்முறையைத் தமிழ்நாட்டரசு 1978 இல் ஏற்றது. மாறிய எழுத்துகள் பதின்மூன்று. முதன்முறையாக எழுதப் பயிலும் முதியவரும் குழந்தையும் தனித்தனியே மனப்பாடம் செய்யவேண்டிய வடிவங்கள் அந்த அளவில் குறைந்தன.

இக்காலத்தில் பொதுவாழ்வின் சொற்கள் ஒவ்வொன்றாக மாறின. 'அக்கிராசனாதிபதி' தலைவர் ஆனார். 'காரியதரிசி' செயலாளர் ஆனார். 'பொக்கிஷதார்' பொருளாளர் ஆனார். 'பிரசங்கம்' சொற்பொழிவு ஆயிற்று. தேர்தலில் நின்ற 'அபேட்சகர்' வேட்பாளர் ஆனார். 'நமஸ்காரம்' வணக்கத்திற்கு இடம் விட்டது. இவற்றை வெறும் சொல் மாற்றம் எனக் கருதலாகாது. செயலாளர் என்ற சொல்லைக் கேட்கும் எவரும், செயலை ஆள்பவர் எனத் தாமே பொருள் கொள்ள முடியும். காரியதரிசியின் பொருளை ஒருவர் சொல்லித்தர வேண்டும். பொருள் விளங்கிய பதவிக்கு எவரும் போட்டியிடலாம் என்ற எண்ணம் எளிதில் வரும்.

கடலுக்கு இப்பால்

மலாயாவில் தமிழ் இதழியல் அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. சிங்கப்பூரில் 1887 இல் 'சிங்கை நேசன்' வெளிவந்தது. கோலாலம்பூரில் 1924 இல் 'தமிழ் நேசன்' தொடங்கப்பட்டது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார், ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பங்கேற்றார், சிங்கப்பூருக்கும் சென்றார். அவரது வருகையை எதிர்த்தோரும் இருந்தனர். ஆனால் அதன்பின் இந்நாட்டுத் தமிழரிடையே சீர்திருத்தம் ஓர் அமைப்பாக உருப்பெற்றது.

1932 இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. திருவாரூரில் பிறந்து 1924 இல் சிங்கப்பூர் வந்த கோ. சாரங்கபாணி அதன் முதன்மையான உழைப்பாளர்களுள் ஒருவர். 1935 இல் அவர் தொடங்கிய 'தமிழ் முரசு' அவ்வெண்ணங்களை வீடுதோறும் கொண்டு சென்றது. சாதி ஒழிப்பு, சிக்கனமான சீர்திருத்தத் திருமணம், மதுவிலக்கு, கல்வி ஆகியன அதன் இடைவிடாத முழக்கங்கள். எழுதியதற்கும் வாழ்ந்ததற்கும் இடையே வேறுபாடு வைக்காதவர் அவர். சீனப் பெண்மணி ஒருவரை மணந்து இல்லறம் நடத்தினார்.

இந்நாட்டில் சீர்திருத்தச் சொற்களுக்குத் தமிழகத்தில் இல்லாத ஒரு துணையும் கிடைத்தது. குடியேற்ற அரசின் பதிவேடுகள் தமிழரின் பெயரைத் தந்தை பெயருடன் சேர்த்தே எழுதின. 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்னும் அம்முறை சிங்கப்பூரில் இன்றும் வழங்குகிறது. மலேசியாவில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்னும் மலாய்ச் சொற்களின் சுருக்கமாக அது அடையாள அட்டையில் நிற்கிறது. அலுவலக வசதிக்காக ஏற்பட்ட வழக்கே இது. ஆயினும் பெயரில் சாதிப் பட்டம் இடம்பெறும் தேவையை அது பெரிதும் குறைத்தது. புதிய எண்ணங்கள் வேர்கொள்ளும்போது, அவற்றை அறியாத நிறுவனங்களும் சிலவேளை அவற்றுக்கு உதவிவிடுகின்றன.

தோட்டப்புறத்தில் மாற்றம் கடினமாகவே வந்தது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வு அவர்களது முதற்கோரிக்கை. ஆனால் பட்டியலில் வேறு சிலவும் இருந்தன. கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும், துரையோ கிராணியோ எதிரில் வரும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும். கூலியோடு மிதிவண்டியையும் அவர்கள் ஒரே பட்டியலில் எழுதியதன் பொருள் ஆழமானது. வயிற்றுக்கு வேண்டியதையும் மானத்துக்கு வேண்டியதையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. போராட்டம் துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். இப்போராட்டத்திற்குக் காரணங்கள் பல. இந்திய விடுதலை உணர்வும், சீனத் தொழிலாளரின் போராட்டங்கள் தந்த முன்மாதிரியும், விலைவாசியும் அவற்றுள் அடங்கும். சீர்திருத்த இயக்கம் ஒன்றே காரணம் எனல் மிகை. ஆயினும், இறங்கி நிற்பது இயல்பு என எண்ணிய ஒரு தலைமுறைக்கும், அது இழிவு என எழுதித் தந்த அடுத்த தலைமுறைக்கும் இடையில் ஏதோ ஒன்று நிகழ்ந்திருக்கவேண்டும். அவ்விடைக்காலத்தில் செய்தித்தாளும், வாசகசாலையும், தோட்டப் பள்ளியும் இருந்தன என்பதை மறத்தலாகாது.

பிரஜையும் குடிமகனும்

போருக்குப் பின் சீர்திருத்தத்தின் திசை மாறியது. பழையதை நீக்குவதைக் காட்டிலும் புதிய நாட்டில் இடம்பெறுவது முதன்மையாயிற்று. 1952 இல் சிங்கப்பூரில் தமிழர் திருநாள் தொடங்கப்பட்டது. பொங்கற் காலத்தை ஒட்டி அமைந்த அவ்விழா, சமயம் கடந்து இந்து, முஸ்லிம், கிறித்துவத் தமிழரை ஒரே மேடையில் நிறுத்தியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, அங்குத் தமிழ் முதலிடம் பெறவேண்டும் எனச் சாரங்கபாணி தமிழ் முரசின் வழியே மக்களைத் திரட்டினார். பொதுமக்களிடம் நிதியும் திரட்டப்பட்டது. 1956 இல் துறை அமைந்தது. தமிழே அதில் கற்பிக்கப்பட்டது. 1961 இல் சேவியர் தனிநாயக அடிகள் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். தாழ்த்தப்பட்ட வேலைக்காக அழைத்துவரப்பட்டவர்கள் குடியேறிய நாட்டில், அவர்களது மொழிக்கான முதல் உலக மாநாடு கூடியது.

இதே ஆண்டுகளில்தான் குடியுரிமைக்கான பெரும் முயற்சியும் நிகழ்ந்தது. 1957 இன் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டத்தை ஒட்டித் தமிழர் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று தமிழ் முரசு மீண்டும் மீண்டும் வற்புறுத்தியது. அக்காலத்தில் பெரிதும் வழங்கிய சொல் 'பிரஜா உரிமை'. பிரஜை என்பதற்கு மக்கள், அரசனின் ஆட்சிக்கு உட்பட்டோர் என்பன பொருள். அதற்கு மாற்றாக நிலைபெற்றது 'குடிமகன்'.

இச்சொல்லின் வரலாறு நாம் பேசிவரும் மாற்றம் முழுவதையும் தன்னுள் கொண்டது. குடி என்பது பழந்தமிழில் குடும்பத்தையும் மரபையும் ஆளப்படும் மக்களையும் குறித்தது. பிற்காலச் சிற்றூர் வழக்கில் 'குடிமகன்' என்பது ஊருக்கு வழிவழியாக ஊழியம் செய்பவரை, குறிப்பாக நாவிதரைக் குறிக்கும் சொல்லாக வழங்கியது. 'குடிமக்கள்' என்றால் ஊழியச் சாதியார். ஒருவரைக் குடிமகன் என்றழைப்பது அவரது இடம் எது என்பதை நினைவூட்டுவதாக இருந்தது. அதே சொல்லை, ஒரு தலைமுறைக் காலத்தில், நாட்டின் சம உரிமையுடைய உறுப்பினர் எவரையும் குறிப்பதாக மாற்றிவிட்டது புதிய யுகம். இன்று பிரதமரும் குடிமகனே, முடிதிருத்துபவரும் குடிமகனே. புதிய சொல் ஆக்குவது எளிது. பழைய சொல்லின் இழிவைக் கழுவி, அதனையே அனைவரும் விரும்பி ஏற்கும் பெயராக்குவது அரிது. சமூகம் உள்ளபடியே அசைந்திருந்தாலன்றி அது நிகழாது.

நிறைவேறாதவை

இவ்வரலாற்றை வெற்றி வரலாறாக மட்டும் கூறி முடித்தல் நேர்மையாகாது. மூன்று குறைகளை நாம் சுட்டியாக வேண்டும்.

முதலாவது, பெயரிலிருந்து நீங்கிய சாதி, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வாயிலில் தங்கிவிட்டது. பொதுமேடையில் சொல்லத் தயங்கும் ஒன்றைத் திருமணத் தரகரிடம் தயங்காமல் சொல்வோர் இன்றும் உளர். பொதுச்சொல்லை மாற்றிய அளவுக்கு வீட்டுச்சொல்லை நாம் மாற்றவில்லை.

இரண்டாவது, பெண்கள். 'ஸ்ரீமதி' என்பது 'திருமதி' ஆயிற்று. முற்பாதி தமிழாயிற்று, பிற்பாதி அப்படியே நின்றது. அச்சொல் அமைந்த விதமே பெண்கள் நிலைக்கும் பொருந்தும். ஆண் மணமானவரா என்பதை 'திரு' சொல்வதில்லை. பெண்ணுக்கோ 'செல்வி', 'திருமதி' என மணத்தைக் கொண்டே பெயர் அமைகிறது. 1929 இல் செங்கற்பட்டுத் தீர்மானம் கேட்ட சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எண்ணம் சட்டமாவதற்கு அறுபது ஆண்டுகள்.

மூன்றாவது, மொழித்துறையில் பணியாற்றியோரைச் சேர்ந்தது. சமத்துவத்திற்கான கருவியாக வந்த தூய்மை, நாளடைவில் தானே ஓர் உயர்குலமாகிவிட்டது. மலாய்ச் சொல்லாகிய 'கெத்தா'வைக் 'கித்தா' என்றும், ஆங்கில 'லைன்' என்பதை 'லயம்' என்றும், 'கம்போங்' என்பதைக் 'கம்பம்' என்றும் ஆக்கி வழங்கினர் தோட்டத் தமிழர். அவர்கள் அச்சொற்களைத் தமிழின் ஒலி ஒழுங்குக்குள் இயல்பாக ஏற்றுக்கொண்டது மொழியியல் நோக்கில் செம்மையான பணி. ஆனால் பள்ளியில் அவை கொச்சை எனப்பட்டன. தன் தாய் பேசும் சொல் வகுப்பறையில் பிழை எனக் கேட்ட குழந்தை, தாய்மொழியை வாய்விட்டுப் பேசத் தயங்கியது. ஒரு காலத்தில் வடசொல் தெரியாதவன் மேடையில் வாயடைத்து நின்றான். பின்னர் தூயசொல் தெரியாதவன் அதே இடத்தில் நின்றான். சொல் மாறியது, வாயடைத்து நிற்பவனின் நிலை மாறவில்லை.

முடிவுரை

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்பில் இடம்பெற்றுள்ளன. இவை அக்கால முயற்சியின் பயன்கள். எனினும் பல இல்லங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். தமிழ் மேடைக்கும் விழாவுக்கும் தேர்வுக்கும் உரியதாக ஒதுங்கிவருகிறது. இதற்குப் பொருளாதாரக் காரணங்கள் உள்ளன. அவற்றை மொழி அமைப்புகள் மட்டும் மாற்றிவிட முடியாது. ஆனால் நம் கையில் இருப்பது ஒன்றுண்டு. பிழைக்கு அஞ்சாமல் பேசும் இடத்தைக் குழந்தைக்குத் தருவது நம் கையில் இருக்கிறது.

மேலே கண்ட வரலாறு நமக்குத் தரும் அளவுகோல் எளியது. ஒரு சொல்லைப் புதிதாக ஆக்கும்போதும், வழக்கிலுள்ள ஒன்றைத் தள்ளும்போதும் இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும். இச்சொல் கேட்பவர்க்குத் தானே விளங்குகிறதா? இச்சொல்லால் பேசுபவரோ பேசப்படுபவரோ சிறுமைப்படாமல் இருக்கிறாரா? 'செயலாளர்' இவ்விரு சோதனையிலும் தேறியது, 'தோழர்' தேறியது, 'குடிமகன்' நெடுங்காலம் தோற்றுப் பின்னர் தேறியது. அரிய வேர்களிலிருந்து ஆக்கி, அகராதியில் மட்டும் வாழும் பல கலைச்சொற்கள் முதற்சோதனையிலேயே தோற்றன. 'கித்தா' இரண்டிலும் தேறும். நாம்தான் அதற்குத் தேர்வெழுத இடம் தரவில்லை.

சீர்திருத்தக்காரர்கள் தமிழைத் திருத்தியது, தமிழ் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக மட்டும் அன்று. எவரும் தலைநிமிர்ந்து பேசத்தக்கதாக அது இருக்கவேண்டும் என்பதற்காக. காட்டைத் திருத்தியவர் அங்குப் பயிர் விளைவதைக் கண்டபோதுதான் திருத்தம் முடிந்தது என்பார். நம் பிள்ளைகள் வீட்டிலும் கடையிலும் பேருந்திலும் தமிழைத் தயக்கமின்றிப் பேசும்போதுதான், அந்த ஐம்பது ஆண்டுகளில் தொடங்கிய வேலை முடிந்தது எனக் கொள்ளலாம். அதுவரை அது நம் வேலையே.